மஞ்சள் கோடு போட்ட புல்வெளி

மார்ச் 3, 2015

காலையில் மறுபடியும் ஒரு லாரி. இந்தத் தடவை மழைநீர்க் குழாயைப் பெயர்த்துக்கொண்டு போனது. டிரைவர் இறங்கி வந்து துருக்கி மொழியில் மன்னிப்போ வசவோ ஏதோ சொன்னான். நானும் அதையே செர்பிய மொழியில் சொன்னேன். கைகுலுக்கிப் பிரிந்தோம்.

எங்கள் சுவருக்கும் பிரதான சாலைக்கும் நடுவே ஒன்றரை எட்டுதான். விர்போவா ஊரின் வழியாகப் போகிற லாரி ஒவ்வொன்றும் எங்கள் அலமாரித் தம்ளர்களை ஒரு தடவை பேசவைத்துவிட்டுத்தான் போகும். என் மனைவி ரூஜா தம்ளர்களுக்கு நடுவே பழைய காலுறைகளைச் செருகி வைத்திருக்கிறாள். விருந்தாளி வந்தால் காலுறையை உருவிவிட்டு ராக்கியாச் சாராயம் ஊற்றுவாள்.

சிகரெட்டை விடச் சொல்லிவிட்டார் டாக்டர். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இந்த நோட்டு, பள்ளிக்கூடத்தைக் குளிர்காலத்தில் சூடாக்குகிற கொதிகலனின் பதிவேடு. "நீ இந்தப் பள்ளியை விட்டுப் போகவே மாட்டாய்" என்று ஆறாம் வகுப்பு வாத்தியார் சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் அதே பள்ளியில் கொதிகலன் பார்க்கிறேன். தீர்க்கதரிசி.

மத்தியானம் கிராட்ஸ் நகரத்திலிருந்து மகள் தியானா கூப்பிட்டாள். அவளும் மாப்பிள்ளை ஒக்னெனும் அங்கே வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள்.

"அப்பா, நானும் ஒக்னெனும் பேசி முடிவு பண்ணிட்டோம். இன்னும் மூணு வருஷம் இங்க. அப்புறம் ஊருக்கே வந்துடறோம். கீழ்ப்புல்வெளியில வீடு கட்டிக்கறோம்."

"புல்வெளி எதுக்குடி? உனக்குன்னு மாடி இருக்கே!"

"அப்பா, அந்த வீட்டுல பத்தொம்பது வருஷம் லாரியோட படுத்திருக்கேன். போதும்."

மாடி என்று நான் சொல்வது, வீட்டுக்கு மேலே ஒரு வெற்றுக் கான்கிரீட் தளம். தூண் எழுப்ப நாலு மூலையிலும் இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. தியானா பிறந்த வருடம் விட்டுவைத்தது. அவளுக்காக. இப்போதைக்கு ரூஜா அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள்.

வரட்டும். எங்கே வேண்டுமானாலும் கட்டட்டும். வந்தால் போதும்.

மார்ச் 14

பாலத்தடிக் காப்பிக்கடையில் ஒரே கூச்சல். புறவழிச்சாலை வரப்போகிறதாம். லாரிகள் ஊருக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போகுமாம். ஒன்று மலைப்பக்கம், இல்லையென்றால் ஆற்றுப்பக்கம். ஆற்றுப்பக்கம் என்றால் நேராக நம் கீழ்ப்புல்வெளி.

வெல்டர் ஸ்ரெதென் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, வெறும் புல்லுக்கு என்ன குடுப்பான்? ஒண்ணும் குடுக்கமாட்டான். மரம் இருந்தா மரத்துக்குத் தனி. அதுலயும் வால்நட்டுக்குத்தான் ஜாஸ்தி."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

எல்லாரும் சொன்னால் நான் நம்பிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சந்தையில் கன்று கிடைக்கவில்லை. விர்போவாவில் திடீரென்று எல்லோருக்கும் தோட்டக்கலையில் ஆசை.

மார்ச் 21

பக்கத்து ஊர் நாற்றங்காலிலிருந்து அறுபது வால்நட் கன்று கொண்டுவந்து ஒரே நாளில் நட்டுவிட்டேன். முதுகு இரண்டாகப் போய்விட்டது.

வால்நட்டை நடுகிறவன், அதன் தண்டு அவனுடைய கழுத்தளவு பருக்கிற அன்றைக்குச் செத்துப்போவான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அதனால் யாரும் தானே நடுவதில்லை. எண்பத்துமூன்று வயது குவோஸ்தென் தாத்தாவைக் கூப்பிட்டு அவர் கையால் நட வைத்து, ஒரு புட்டி ராக்கியா கொடுத்து அனுப்புவார்கள். ஊரில் பாதி வால்நட் அவர் நட்டதுதான். தாத்தாவுக்கு இந்த மாதம் நாள் கிடைக்கவில்லை, அவ்வளவு கிராக்கி. நான் காத்திருக்கவில்லை. இரண்டு வருடத்தில் சாலைக்காரன் வெட்டப்போகிற மரம், கழுத்தளவு எங்கே பருக்கப்போகிறது?

ரூஜாவுக்குத் தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அறுபதும் நீயேவா நட்ட? ஒண்ணே ஒண்ணு தப்பிச்சா போதுமே, மனுஷா!"

சிரித்தேன். பிறகு கொதிகலன் அறையில் யாரும் இல்லாதபோது டேப் எடுத்துக் கழுத்தை அளந்தேன். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். கன்று என் கட்டைவிரல் கனம்கூட இல்லை.

ஏப்ரல் 10

ஆற்றுப்பக்கமே சாலை வேண்டும் என்று மனு. முதல் கையெழுத்து நான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள், சமையல்காரம்மா, எல்லோரிடமும் நானே வாங்கினேன். முப்பத்தெட்டுப் பேர். யாரும் படித்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

என் கணக்கு இது: ஈட்டுத்தொகை வரும், அதில் தேவாலயத்துக்கு மேலே தியானாவுக்கு நல்ல மனையாக வாங்கலாம், ஆற்றின் ஈரம் இல்லாமல். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரேயடியாக மனையைக் காட்டிச் சொல்லலாம்.

மே 2

போனில் தியானா. புல்வெளியில் சமையலறை ஜன்னல் எந்தத் திசையில் வைக்கலாம் என்று கேட்டாள். கிழக்கு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 16

நகராட்சி மண்டபத்தில் வரைபடம் மாட்டியிருக்கிறார்கள். முப்பது நாள் யாரும் பார்க்கலாம், ஆட்சேபணை எழுதலாம். நானும் ஸ்ரெதெனும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு போனோம்.

சிவப்புக் கோடுதான் சாலை. ஆற்றுப்பக்கம்தான். அவன் தோளைத் தட்டினேன். பிறகு மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தால், சிவப்பு எங்கள் புல்வெளிக்கு நாற்பது மீட்டர் தள்ளிப் போகிறது. புல்வெளிமேல் மஞ்சளில் சாய்கோடுகள்.

அங்கே பிராங்கா என்று ஒரு பொறியாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். களைத்த முகம், மரியாதையான பேச்சு.

"மேடம், இந்த மஞ்சள் என்னங்க?"

"எதிர்கால விரிவாக்கத்துக்கு ஒதுக்கினதுங்க. இப்ப ரெண்டு தடம்தான் போடறோம். பின்னாடி நாலா ஆக்கும்போது அந்த இடம் வேணும்."

"பின்னாடின்னா?"

"போக்குவரத்து பெருகினா."

"எப்பங்க பெருகும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ரெண்டு பேருக்குமே தெரியவில்லை.

"அதுவரைக்கும் ஈட்டுத்தொகை?"

"எடுக்கும்போதுதாங்க."

"சரி, அதுவரை நாங்க வீடு கட்டிக்கலாமா?"

"கோழிக்கூண்டுகூடக் கட்டக் கூடாது."

"மரம்?"

"மரம் பாட்டுக்கு வளரலாம், தடையில்ல."

வெளியே வந்ததும் ஸ்ரெதென் என் கழுத்தையே பார்த்தான், நாய்ப்பயல்.

ஜூன் 20

மறுபடியும் போனேன், தனியாக. ஆட்சேபணை எழுதணும் என்றேன். பிராங்கா அம்மா படிவம் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். "எழுதுங்க, உங்க உரிமை. ஆனா இந்த வழிதான் வேணும்னு நீங்களே மனு குடுத்திருக்கீங்களே. முதல் கையெழுத்து உங்களுது."

ரொம்ப அழகான கையெழுத்து. அடியில் ஒரு சுழி வேறு.

ஜூலை 16

முப்பது நாள் முடிந்தது. படிவம் சட்டைப்பையிலேயே இருந்து துணியோடு துவைபட்டுப் போய்விட்டது.

டிசம்பர் 20

நேற்று எங்கள் குலப் புனிதர் நிக்கோலாஸின் திருநாள். தியானாவும் ஒக்னெனும் குழந்தை துன்யாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மெழுகுவர்த்தி, கெண்டை மீன், வால்நட் தூவிய கோதுமை எல்லாம் முறைப்படி. விருந்தாளிகள் போனதும் தியானா ஒரு சுருளை மேசைமேல் விரித்தாள். வீட்டு வரைபடம். சமையலறை ஜன்னல் கிழக்கே.

ரூஜா என்னைப் பார்த்தாள். நான் மீன் முள்ளைப் பார்த்தேன்.

"வாங்கப்பா, இடத்தைப் பாத்துட்டு வருவோம்" என்றாள் தியானா. முழங்கால் வலி என்றேன். அவளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது பூட்ஸெல்லாம் சேறு.

"அது என்னப்பா, குச்சி குச்சியா?"

சொன்னேன். கன்று, மனு, முதல் கையெழுத்து, மஞ்சள் கோடு, எல்லாவற்றையும். கேலியாகச் சொன்னால் கோபம் குறையும் என்று நினைத்து என்னையே கேலி பண்ணிக்கொண்டு சொன்னேன். ஒக்னென் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஜூன்லயே தெரியுமா?"

"ம்."

"செப்டம்பர்ல உங்ககிட்ட கதவு எந்தப் பக்கம்னு கேட்டேன். சொன்னீங்களே!"

"சொன்னேன்."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தேன். "யாரைக் கேட்டு ஒதுக்கினாங்க? கட்டவும் விடாம எடுக்கவும் எடுக்காம, என்னைக்கோ வரப்போறதுக்கு இப்பவே கோடு போட்டு வெக்கறதா? இது என்ன நியாயம்?"

தியானா விரலை மேலே காட்டினாள். கூரையை.

"அது என்னப்பா? இருபத்தெட்டு வருஷமா கம்பியை நீட்டி வெச்சிருக்கீங்களே, என்னைக் கேட்டா வெச்சீங்க? மழை ஒழுகி அம்மா அறைச் சுவரே ஊறிப்போச்சு. கூரை போடுங்கன்னா, 'தியானா வருவா'ன்னு. நீங்களும் அவங்களும் ஒண்ணுதான்."

இன்று காலையே கிளம்பிவிட்டார்கள். நாளைக்குத்தான் போவதாக இருந்தது. வரைபடம் மேசைமேலேயே கிடக்கிறது.

ஜனவரி 7, 2016

பழைய நாட்காட்டிப்படி எங்களுக்கு இன்றுதான் கிறிஸ்துமஸ். தியானா ரூஜாவோடு போனில் பேசினாள். எனக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னாளாம்.

ஆகஸ்ட் 9, 2017

ஆற்றோரம் சாலை வேலை. மண்ணள்ளும் இயந்திரங்கள் காலை ஆறுக்கே தொடங்கிவிடும். துணியெல்லாம் தூசி. நான் தினமும் போய்ப் பார்க்கிறேன். என்ன பார்க்கிறேன் என்று கேட்டால் தெரியாது. வேலைக்காரர்கள் என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து முதலில் வணக்கம் சொன்னார்கள். இப்போது சொல்வதில்லை.

கன்றுகளில் பத்தொன்பது பட்டுப்போயின. நாற்பத்தொன்று பாக்கி. தண்ணீர் ஊற்றக் கூடாது என்றுதான் இருந்தேன். வெயில் தாங்காமல் இலை சுருண்டது. என் சாவுக்கு நானே வாளி வாளியாகச் சுமந்தேன்.

மார்ச் 5, 2019

கிராட்ஸில் தியானாவும் ஒக்னெனும் ஒரு அடுக்ககத்தில் வீடு பார்த்திருக்கிறார்களாம், வாங்கத்தான். ரூஜா சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

தோட்டத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மேலே ஏறினேன். கம்பிகள் துருப்பிடித்து, ஒன்றில் குருவி எச்சம். இருபத்தெட்டு என்றாளே, இப்போது முப்பத்திரண்டு. அந்தப் பெண் எங்கே போனாலும், எந்த ஊரில் எந்தக் கட்டிலில் படுத்தாலும், தலைக்கு மேலே இந்தக் கம்பிகள் நீட்டிக்கொண்டே இருந்திருக்கும், இல்லையா? வா வா என்று.

மார்ச் 9

ஸ்ரெதெனைக் கூப்பிட்டு எல்லாக் கம்பியையும் தளத்தோடு தளமாக அறுத்தாயிற்று. நாலு மணி நேரம் பொறி பறந்தது.

"நெஜமாவா அண்ணே? நாளைக்கு வந்து ஒட்டுன்னு சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்டா. அறு."

தார் பூசினோம். ஒழுகல் நின்றுவிடும். ரூஜா ஈரத்துணிக் கூடையோடு மேலே வந்து, வெறும் தளத்தைப் பார்த்து, "இப்ப நான் எங்கய்யா காயப்போடறது?" என்று கேட்டாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தார் காயவில்லை. ஒரு பேன்ட் போச்சு.

அக்டோபர் 21

புறவழிச்சாலை திறந்தார்கள். பேச்சு, ரிப்பன், பித்தளை வாத்தியம். மத்தியானத்திலிருந்து ஒரு லாரி இல்லை. ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது கேட்கிறது. முப்பது வருடமாக இருமுகிறார் போலிருக்கிறது, இன்றுதான் தெரிந்தது.

ரூஜா தம்ளர்களுக்கு நடுவிலிருந்து காலுறைகளை எடுத்தாள். ஏழு ஜோடி. எனக்குக் காலுறை இல்லை என்று எத்தனை குளிர்காலம் திட்டியிருப்பேன்.

டிசம்பர் 20

வந்தார்கள். நான்கு வருடம் கழித்துத் திருநாளுக்கு. துன்யாவுக்கு ஐந்து வயது.

காரை விட்டு இறங்கியதும் தியானா நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். "கம்பி எங்கப்பா?"

"அறுத்துட்டேன். மார்ச்சுல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அதுவும் ஒரு கம்பியாயிடும்."

எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி பேசிவிட்டேன்.

சாப்பாடு முடிந்து துன்யா தெருப்பக்கத்து அறையில் தூங்கிப்போனாள். பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்க. தியானா அந்த ஜன்னலண்டை ரொம்ப நேரம் நின்றாள். அவள் சின்ன வயதில் படுத்த அறை. தலையணையால் காதை மூடிக்கொண்டு படுப்பாள். ஒக்னென் மாடிக்குப் போய் ஒரு சுத்தியலால் தளத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான். கிராட்ஸில் கட்டட வேலைதானே, கை சும்மா இருக்காது. எனக்கு மாப்பிள்ளையைப் பிடிப்பதே அதனால்தான்.

இன்று காலை கிளம்பும்போது காரில் ஏறாமல் நின்றாள்.

"அப்பா. இப்பக் கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"அன்னைக்குக் கேக்காமத்தானே வெச்சீங்க? இப்பக் கேளுங்க."

என்ன வார்த்தை போடுவது? "மாடி... நீங்க வர்றீங்களாம்மா? வரலைன்னாலும் பரவால்ல. கேக்கறேன், அவ்வளவுதான்."

"யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கடன்காரி. ஆனால் கண்ணாடியை இறக்கிக் கையசைத்தாள்.

ஏப்ரல் 2, 2020

எல்லை மூடியாயிற்று. பள்ளிக்கூடம் மூடியாயிற்று. கொதிகலனும் நானும் மட்டும். தியானா வீடியோ போனில் தினமும் வருகிறாள், முதியோர் இல்லத்து வேலை முடிந்து, முகத்தில் முகமூடித் தழும்போடு. மாடியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்த எழுத்தில் மட்டும் சொல்கிறேன்: வா.

இதையும் அடித்துவிட வேண்டும்.

பிப்ரவரி 14, 2021

"அப்பா, டேப் பக்கத்துல இருக்கா?"

"எப்பவும் இருக்கு."

"மாடிக்குப் போய் நீளம் அகலம் அளந்து சொல்லுங்க. கிழக்குப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க."

அந்த அடுக்ககம் அவர்களுக்குக் கடைசியில் கிடைக்கவில்லையாம். கிடைக்கவில்லையா, வேண்டாம் என்றார்களா? கேட்கவில்லை. மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது.

மார்ச் 1

ஸ்ரெதென் வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை! "அண்ணே, கம்பியா?"

"கம்பிதான்."

"ஒட்டணுமா?"

"துளை போட்டு நடணும்னு மாப்ள சொல்றான்."

"நான் அன்னைக்கே என்ன சொன்னேன்?"

"சொன்னடா, சொன்ன. உள்ள வா, காப்பி குடி."

செப்டம்பர் 11, 2023

நகராட்சி மண்டபத்தில் மறுபடியும் வரைபடம். போக்குவரத்து பெருகிவிட்டதாம். மஞ்சள், சிவப்பாகிவிட்டது. ஈட்டுத்தொகை உண்டு, மரத்துக்குத் தனியாக. எட்டு வருடம் முன்பு கேட்டதெல்லாம் இப்போது வரிசையாக வருகிறது.

பிராங்கா அம்மாவுக்கு முடி நரைத்துவிட்டது. என்னை ஞாபகம் இருந்தது. "இந்தத் தடவை சந்தோஷமாங்க?" என்றார்.

ஆட்சேபணைப் படிவம் ஒன்று கேட்டேன்.

செப்டம்பர் 17

காலையில் எல்லோரும் புல்வெளிக்குப் போனோம். முதல் காய்கள் உதிர்கின்றன. துன்யா என் டேப்பைப் பிடுங்கி மிகப் பெரிய மரத்தை அளந்தாள். முப்பத்திரண்டு. பிறகு என்னைக் குனியச் சொல்லிக் கழுத்தைச் சுற்றினாள். நாற்பத்தைந்து.

"தாத்தா, உங்களுது கூடிடுச்சா?"

"கூடாம? நானும் போட்டிக்குத்தானே சாப்பிடறேன்."

குவோஸ்தென் தாத்தாவுக்குத் தொண்ணூற்றொன்று. அவர் நட்ட மரங்களில் பத்துப் பன்னிரண்டு அவர் இடுப்பைவிடப் பெரிது. நேற்று சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மேசையில் படிவத்தை வைத்து எழுதினேன். இந்தத் தடவை மூன்று முறை படித்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது? நாற்பத்தொரு மரம், காய்க்கத் தொடங்கிவிட்டன, விரிவாக்கத்தை மறுபக்கம் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. கழுத்து விஷயம் எழுதவில்லை. கேட்பார்களா, தெரியாது. எழுதினேன், அது போதும். அடியில் கையெழுத்து. சுழி போடவில்லை.

தியானா கையை நீட்டி வாங்கிப் படித்தாள். "ரெண்டு பேரா போட்டா கொஞ்சம் மதிப்பாங்கப்பா" என்று பேனாவை எடுத்தாள். பெயர் எழுதினாள். அடுத்தது முகவரி. நான் எழுதியதைப் பார்க்காமலே எழுதினாள்: பிரதான சாலை, எண் 112, மாடி.

படிவத்தை மடிக்காமல் காயவிட்டிருக்கிறேன். நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சட்டைப்பையில் வைக்கக் கூடாது.